சோத்தாங்கைப் பக்கம்

யாரு, ஹெலன் டாக்டரம்மாவையா பாக்கப் போறீங்க? எதுக்கு, மாட்டுக்கா? கன்னுக்குட்டி தலைய ஒரு பக்கமாச் சாச்சுக்கிட்டே நிக்குதா. சரிதான். அப்ப அங்கதான் போகணும். வேற எவனா இருந்தாலும் ஒரு ஊசியப் போட்டுட்டு வண்டியக் கெளப்பிருவான்.

ஆனா ஒண்ணு தம்பி, நான் அந்தம்மாகூடப் பேசுறதில்ல. எதுர்ல வந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிருவேன். ஏன்னு கேளுங்க. கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகருங்க, சொல்றேன். இந்த பஸ்சு எப்படியும் ரயில்வே கேட்டுல நிக்கத்தான் போகுது.

எம்பேரு சங்கையா. ஆத்தங்கரைப்பட்டி. செம்மறி வச்சிருக்கேன். எம்புட்டு உருப்படின்னு மட்டும் கேக்காதீங்க, ஆட்ட எண்ணிச் சொல்லக் கூடாது. எனக்கு ஒரே மக, முனீஸ்வரி. கட்டிக் குடுத்த எடம் நல்ல எடம், மாப்பிள்ளை தங்கமான ஆளு, அதுல ஒரு கொறையும் இல்ல. வயித்துல தங்கலை தம்பி, அதான். மொதத் தடவ போச்சு. சரி, நாலு பேருக்கு நடக்கிறதுதான்னு மனசத் தேத்திக்கிட்டோம். ரெண்டாவது தடவ ஏழாம் மாசத்துல போச்சு. ஏழாம் மாசம்னா கையி, காலு, நகம் எல்லாம் வந்துருமில்ல? எம் பொண்டாட்டி மூக்கம்மா அதக் கையில வாங்கிப் பாத்தவ. அதுக்கப்புறம் அவ அதப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நானும் கேக்கல.

மூணாவதா உண்டாயிருக்குன்னு சேதி வந்த அன்னைக்கு நேரா எங்க கருப்பன் கோயிலுக்குப் போனேன். "அய்யா, இந்தப் புள்ளையாவது உசுரோட வந்து கத்தட்டும். ஒனக்கு நான் கிடா வெட்டுறேன்"னு நேந்துக்கிட்டேன். வந்த கையோட கிடையில நல்ல குட்டியா ஒண்ணப் புடிச்சுத் தனியாக் கட்டுனேன். ஒடம்பெல்லாம் செவப்புப் பொட்டு. கடலக்கொடி, அகத்தி, சோளத்தட்டைன்னு அதுக்குத் தனிக் கவனிப்பு. பேரெல்லாம் வைக்கல. வெட்டப்போறதுக்குப் பேரு எதுக்கு? சும்மா "ராசா"ன்னு கூப்புடுவேன். அது பேரில்ல, கூப்புடுறது.

நேந்த கிடாயில ஒரு சங்கடம் இருக்கு தம்பி. அது தானாச் சாகக் கூடாது. செத்துருச்சுன்னா சாமி வேண்டாம்னுட்டாருன்னு அர்த்தம். சாமி வேண்டாம்னுட்டாருன்னா, எதுக்காக நேந்தோமோ அதுவும்... வேணாம், வாயால சொல்ல வேணாம். உங்களுக்கே புரியும்.

முனீசுக்கு நெறமாசம். நானும் நெனச்சுக்கிட்டேன், கருப்பன் கண்ணத் தெறந்துட்டான்னு. அப்பப் பாத்து ஒருநாள் காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், கிடா கயித்த முளைக்குச்சியில சுத்திச் சுத்தி, கழுத்து குச்சியோட ஒட்டி நிக்குது. நாக்கு வெளிய வந்துருச்சு. பதறிப்போயி அவுத்து விட்டேன். மறுநாளும் அப்படியே. அவுத்துவிட்டா நடக்கும், ஆனா நேரா நடக்காது. வட்டம். செக்குல பூட்டுன மாதிரி ஒரே பக்கமா வட்டம். செவுத்தக் கண்டா நெத்திய முட்டுக் குடுத்துக்கிட்டு அப்படியே நிக்கும். தீவனத்த வாய்க்கு நேரா வச்சாலும் பாக்காது.

அந்த வருசம் எங்கிடையில அதுக்கு முன்னாலயும் சில ஆடுக இப்படிக் கிறுகிறுன்னு சுத்திச் செத்துருக்கு. போனாப் போகுதுன்னு விட்டாச்சு. இத விட முடியுமா? குறி சொல்ற கோடாங்கியக் கூட்டியாந்தேன். அவன் உடுக்கைய அடிச்சுப் பாத்துட்டு, "கருப்பன் கிடா மேல எறங்கிட்டாரு"ன்னான். அட, நல்ல சேதிதானேன்னேன். "கோவத்துல எறங்கிருக்காரு"ன்னான்.

அதே நேரம் முனீச டவுன் ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க. பிரசர் ஏறிப்போச்சாம், காலெல்லாம் வீங்கிருச்சாம். மூக்கம்மா தொணைக்குப் போயிட்டா. வீட்டுல நானும் கிடாயும் என் நாயும்தான். அங்கருந்து எம் மக போனு போடுறா.

"அப்பா, கிடா நல்லாருக்கால்ல?"

"ஆங், நல்லா மேயுது தாயி."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா. பாக்கணும் போல இருக்கு."

போட்டோ எங்கிட்டு எடுக்க? அது அந்நேரம் ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டுக் காலால மண்ணப் பறிச்சுக்கிட்டுக் கெடக்கு. எந்திரிக்க மாட்டேங்குது. தூக்கி நிறுத்துனாப் பொத்துன்னு விழுகுது. "டவரு கெடைக்கல தாயி, கேக்கலை"ன்னுட்டுக் கட் பண்ணிட்டேன். அவளுக்கு மட்டும் தெரிஞ்சா, பிரசரு இன்னும் ஏறிரும்ல?

அதுக்கப்புறம்தான் ஒரு குட்டியானை வண்டியப் புடிச்சு, கிடாயச் சாக்குல படுக்க வச்சு, அந்தம்மாகிட்டக் கொண்டுபோனேன்.

கையில ஊசியோட வரும்னு பாத்தா, வெறுங்கையோட வந்து கிடா மூஞ்சிக்கு நேரா சம்மணம் போட்டுத் தரையில ஒக்காந்துருச்சு. கைய விரிச்சு, கண்ணுல குத்துற மாதிரி வேகமாக் கொண்டாந்து, தொடாம நிறுத்துது. ஒரு கண்ணு சிமிட்டுது, ஒரு கண்ணு சிமிட்டல. மறுபடி அதே மாதிரி. அப்புறம் பேட்டரி லைட்ட அடிச்சுப் பாத்துச்சு. ரெண்டு கண்ணுலயும் பாப்பா சுருங்குது. காதுக்குள்ள ஒரு துரும்ப விட்டுச்சு, மூக்குக்குள்ள விட்டுச்சு, நாக்கப் புடிச்சு இழுத்துச்சு. கால மடக்கிக் கொளம்ப அமுக்குச்சு. வெடுக்குன்னு இழுத்துக்கிருச்சு கிடா. நாலு காலுக்கும் இதே கூத்து. வாலத் தூக்கிப் பாத்துச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

"ஏம்மா, கிடா சாகக் கெடக்கு. நீங்க என்னமோ வெளையாடிக்கிட்டு இருக்கீங்களே!"

"வெளையாட்டு இல்ல அய்யா. எங்க கோளாறுன்னு இவனால சொல்ல முடியாதுல்ல? நாமதான் ஒவ்வொரு எடமா கேட்டுப் பாக்கணும். காலுல உணர்ச்சி இருக்கு, அதனால காலு இல்ல. வாலு, முதுகு சரியா இருக்கு, முதுகுத்தண்டும் இல்ல. நாக்கு, மூஞ்சி எல்லாம் வேலை செய்யுது. கண்ணு சொல்றதப் பாத்தா மூளைதான். அதுவும் மேல் மூளை"ன்னுச்சு.

சுத்துற ஆட்டுக்கு அந்த எடத்துல பெரும்பாலும் நீர்க்கட்டிதான் இருக்குமாம். நாடாப்புழு கட்டுற கட்டி. அது வளர வளர மூளைய நெருக்கிக் கொன்னுருமாம். எடுத்துட்டாப் பொழைக்கும். எடுக்கணும்னா மண்டையில ஓட்டை போடணும்.

"மண்டையிலயா?"ன்னேன்.

"ஸ்கேன் எடுத்தா எந்தப் பக்கம்னு கண்ணால பாத்துறலாம். இங்க ஆட்டுக்கு ஸ்கேனுக்கு எங்க போறது? ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டா இவன் தாங்க மாட்டான். ஒரே தடவைதான். அதனால நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. படுத்துக்கிறதுக்கு முன்னால எந்தப் பக்கமாச் சுத்துனான்?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சோத்தாங்கைப் பக்கம்."

"நிச்சயமாவா?"

"தெனம் கயித்த அவுத்துவிட்டவன் நானு. சோத்தாங்கைப் பக்கம்."

"கட்டி எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாத்தான் பெரும்பாலும் சுத்தும்"னு சொல்லிட்டு, தங்கப்பாண்டிகிட்ட பிளேடு எடுத்தாரச் சொல்லுச்சு. தங்கப்பாண்டிங்கிறது அங்க உதவிக்கு இருக்கிற ஆளு. கொம்புக்குப் பின்னால மயிரச் சிரைச்சாங்க. மருந்து தடவுனாங்க. நான் கண்ண மூடிக்கிட்டுக் கருப்பனக் கூப்புட்டுக்கிட்டு நிக்கிறேன். ரொம்ப நேரமாச் சத்தத்தக் காணோம். கண்ணத் தெறந்து பாத்தா அந்தம்மா பெருவிரல வச்சு மண்டைய அமுக்கிக்கிட்டு அப்படியே ஒக்காந்துருக்கு.

"என்னம்மா?"

"எலும்பு கல்லு மாதிரி இருக்கு. கட்டி இருந்தா மேல எலும்பு தேஞ்சு மெதுமெதுன்னு இருக்கணும். எல்லா ஆட்டுலயும் அப்படி இருக்காதுதான். ஆனா கண்ணும் ஒத்துவரலையே."

"கண்ணுக்கு என்ன?"

"இவனுக்கு வலது கண்ணு தெரியல. கண்ணு நல்லாத்தான் இருக்கு, லைட்டுக்குச் சுருங்குது. பாக்குற எடம் மூளையில இருக்கு, அது மாத்தி இருக்கும். வலது கண்ணுக்குப் பார்வை இடது மூளையில. அப்படின்னாக் கட்டி இடது பக்கம் இருக்கணும். நீங்க சோத்தாங்கைப் பக்கம் சுத்துச்சுன்றீங்க."

"ஆமா, சோத்தாங்கைப் பக்கம்தான் சுத்துச்சு."

"கட்டி ரொம்ப ஆழத்துல இருந்தா எதிர்ப்பக்கம் சுத்துறதும் உண்டு. கண்ணும் சில நேரம் ஏமாத்தும். நீங்க இன்னொரு தடவ..."

"இன்னொரு தடவ என்ன இன்னொரு தடவ! நான் பொய்யா சொல்றேன்? ஆட்டுக்குள்ளயே பொறந்து வளந்தவன்மா நானு. சோத்தாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம், சோத்தாங்கைப் பக்கம்! போதுமா?"

கத்திட்டேன் தம்பி. தங்கப்பாண்டி வந்து, "பெருசு, சத்தம் போடாதீங்க"ன்னு என்னைய ஒதுக்கி விட்டான். அப்புறம் கிடா வயித்துக்கு அடியில துண்டக் கோத்து ரெண்டு பேருமாத் தூக்கி நிறுத்திப் பாத்தாங்க. ஒரு எட்டு வச்சாக்கூட எந்தப் பக்கம் திரும்புதுன்னு தெரிஞ்சிரும்ல? வைக்கல. காலு நாலும் பெனஞ்சுக்கிட்டுத் தொங்குது. படுக்க வச்சுட்டாங்க. மூச்சு வேற இழுத்து இழுத்து வருது.

"இனிமேத் தள்ளிப்போட முடியாது"ன்னு அந்தம்மா சொல்லுது. கையில துளை போடுற கருவி. சிரைச்ச எடத்தப் பாக்குது, கிடா கண்ணப் பாக்குது, என்னையப் பாக்குது.

அந்நேரம் எம் போனு அடிக்குது. மூக்கம்மா.

"ஏங்க, தேட்டருக்குள்ள கொண்டுபோயிட்டாங்க. புள்ளைக்குத் துடிப்பு கொறையுதாம். கருப்பனுக்கு வேண்டிக்கங்க. கிடா... கிடா நல்லாருக்குல்ல?"

"இருக்கு"ன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுச்சு. போன சட்டப் பையில போட்டுட்டு அந்தம்மா காலுக்கிட்டப் போயி ஒக்காந்துட்டேன். "தாயி, இந்தக் கிடா போச்சுன்னா எங் குடும்பமே போச்சு. எதையாவது பண்ணு தாயி"ன்னேன். அந்தம்மா கண்ணு கலங்கிப்போச்சு. "இம்புட்டுப் பாசமா வச்சிருக்கீங்களே அய்யா"ன்னுச்சு.

அதுல பாருங்க, நான் சுகர்காரன். காலையில மாத்திரையப் போட்டுட்டு ஒண்ணும் திங்கல. ஒக்காந்த எடத்துல ஒலகம் சுத்துது, ஒடம்பெல்லாம் வேர்க்குது. தங்கப்பாண்டி பயந்துபோயி, "பெருசு, எதுனாச்சும் சாப்புடுங்க மொதல்ல. நீங்க விழுந்தா ஒங்களத் தூக்க ஆளில்ல"ன்னான். வண்டியில இருந்த தூக்குச்சட்டிய எடுத்தான், கையக் கழுவத் தண்ணி ஊத்துனான். தயிருச் சோறும் துவையலும். எறங்குமா எனக்கு? ஆனாத் தின்னுதானே ஆகணும். ஒரு வாய் அள்ளிப் போட்டேன். ரெண்டாவது வாய் அள்ளையில பாக்குறேன், அந்தம்மா கருவியக் கையில புடிச்சுக்கிட்டு எங் கையையே பாத்துக்கிட்டு நிக்குது.

"அய்யா."

"என்னம்மா."

"உங்க சோத்தாங்கை எது?"

என்ன கேள்வி இது? சோத்துல கைய வச்சுக்கிட்டு இருக்கிறவன்கிட்டக் கேக்குற கேள்வியா? கையத் தூக்கிக் காட்டுனேன். இந்தக் கை தம்பி. இதோ, இதான்.

ஏன் சிரிக்கிறீங்க?

நீங்களும் சிரிக்கிறீங்க பாத்தீங்களா. எல்லாரும் சோறு திங்கிற கையத்தானே சோத்தாங்கைன்றீங்க? நானும் நான் சோறு திங்கிற கையத்தான் சொன்னேன். இது இடது கையின்னா அதுக்கு நான் என்ன செய்ய? எங்கப்பன் இந்தக் கையில சூடு வச்சாரு. வாத்தியாரு முட்டியப் பேத்தாரு. பந்தியில ஒக்காந்தா, "நீ அந்தக் கடைசி எலைக்குப் போ"ன்னு எழுப்பி விடுவாங்க. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், நான் திங்கிற கைதான் எனக்குச் சோத்தாங்கை, எவன் என்ன சொன்னாலும் சரின்னு. மூக்கம்மாவுக்குத் தெரியும், முனீசுக்குத் தெரியும். எங்க வீட்டுல சோத்தாங்கைப் பக்கம்னா எல்லாரும் ஒழுங்கா இந்தப் பக்கம்தான் திரும்புவாங்க. டாக்டருக்குப் படிச்ச அம்மா, "நீங்க எந்தக் கையில சாப்புடுவீங்க"ன்னு மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டா என்ன? அத விட்டுப்புட்டு நல்ல மண்டையச் சிரைச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கு.

"அய்யோ"ன்னுச்சு அந்தம்மா. அவ்வளவுதான். கிடாய மறுபக்கம் பொரட்டி, அதுவே பிளேட வாங்கி விறுவிறுன்னு இடது பக்கத்தச் சிரைச்சுச்சு. பெருவிரல வச்சு அமுக்குச்சு. கொஞ்சம் கொஞ்சமா நகத்தி அமுக்குச்சு. ஒரு எடத்துல நின்னுபோச்சு. அப்புறம் எங் கையப் புடிச்சு இழுத்து, எம் பெருவிரல அந்த எடத்துல வச்சுச்சு. தம்பி, எலும்பு உள்ள போகுது. உள்ள போயி மேல வருது. எனக்கு ஒடம்பு புல்லரிச்சுப் போச்சு. ஆடுகளோடயே கெடந்தவன், இப்படி ஒண்ண நான் தொட்டதில்ல.

"தலைய நீங்க புடிங்க. இவனுக்கு ஒங்க கையிதான் பழக்கம். என்ன ஆனாலும் அசையக் கூடாது. உள்ள நான் இருக்கையில தலை அசைஞ்சதுன்னா அதோட முடிஞ்சது."

புடிச்சுக்கிட்டேன். ரெண்டு கையாலயும் தாடையச் சேத்துப் புடிச்சுக்கிட்டேன். மரத்துப்போற ஊசி போட்டு, தோலைக் கீறி, துளை போட ஆரம்பிச்சுச்சு. அந்தக் கருக் கருக்குங்கிற சத்தம் இருக்கே, எம் பல்லுக்குள்ள கேட்டுச்சு. நான் காதுல, "ராசா, ராசா, இங்கனதான்டா இருக்கேன்"னு சொல்லிக்கிட்டே இருக்கேன்.

சத்தம் நிக்கவும் எம் போனு அடிக்குது.

சட்டப் பையில கெடந்து அதிருது. நெஞ்சுமேல. எடுக்க முடியுமா? "அசையாதீங்க"ன்னு அந்தம்மா சொல்லுது. அடிச்சு நின்னுச்சு. நின்னு மறுபடி அடிக்குது. மூக்கம்மாதான், வேற யாரு? நல்ல சேதின்னா ஒரு தடவ அடிச்சுட்டு விட்டுருவாளே, ஏன் திரும்பத் திரும்ப அடிக்கிறா? எம் மக மொகம் வருது. அந்த ஏழாம் மாசத்துப் புள்ளை வருது. தங்கப்பாண்டிய எடுக்கச் சொல்லலாம்னா அவன் ரெண்டு கையும் கால அமுக்கிக்கிட்டு இருக்கு. கண்ணுல தண்ணி கொட்டுது, தொடைக்கக் கையில்ல. கிடா நெத்தியில சொட்டுது.

"வருது, வருது"ன்னு அந்தம்மா முனங்குது. ஓட்டைக்குள்ள இருந்து வெள்ளையா, மெல்லிசா, பலூனு மாதிரி ஒரு பை எட்டிப் பாக்குது. ஊசிக்குழாய வச்சு உள்ள இருந்த தண்ணிய உறிஞ்சு எடுத்துச்சு, தெளிஞ்ச தண்ணி. அப்புறம் இடுக்கியில புடிச்சு, மெதுவா, மெதுவா இழுக்குது. கிழிஞ்சா முழுசா வராதாம். நான் மூச்சே விடல. முழுசா வந்துருச்சு. அதுக்குள்ள பொடிப்பொடியா, கொத்துக் கொத்தா, ஜவ்வரிசி ஒட்டுன மாதிரி. எல்லாம் புழுவாம்.

அதே நேரம் கிடாய்க்கு மூச்சு நின்னுபோச்சு.

எங் கையில தெரிஞ்சுது தம்பி. தாடை தொளதொளன்னு ஆயிருச்சு. "அம்மா!"ன்னேன். "விடாதீங்க, தலைய விடாதீங்க"ன்னுட்டு, விலா மேல கைய வச்சு அமுக்குது, விடுது, அமுக்குது. மூக்குல ஊதுது, எம்புட்டு அழுக்கு மூக்கு, அதுல வாய வச்சு ஊதுது. போனு மறுபடி அடிக்குது. நான் கருப்பனக் கூப்புடல. அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. "ராசா, ராசா"ன்னுதான் கத்துனேன். போனு நின்னுபோச்சு. திடீர்னு எங் கைக்குள்ள ஒரு தும்மல். மூஞ்சியெல்லாம் சளி. மூச்சு விட்டுருச்சு.

தையல் போட்டு முடிச்சதுக்கப்புறம்தான் போன எடுத்து மூக்கம்மாவக் கூப்புட்டேன். பேச்சு வரல. அங்கிட்டு மூக்கம்மாவுக்கும் பேச்சு வரல. பேச்சு வராம ரெண்டு பேரும் புடிச்சுக்கிட்டு நிக்கையில பின்னால கேட்டுச்சு, கீச்சுன்னு ஒரு சத்தம். கத்துறா எம் பேத்தி. நல்லாக் கத்துறா.

விசயத்தச் சொன்னதும் அந்தம்மா கையக் கழுவிக்கிட்டே என்னையப் பாத்துச் சிரிக்குது. "பேத்தியும் பொழச்சா, ராசாவும் பொழச்சுட்டான். யாருக்காகய்யா இவன இம்புட்டு ஆசையா வளத்தீங்க? பேத்திக்கா?"ன்னு கேட்டுச்சு.

"இல்லம்மா, கருப்பனுக்கு. வெட்டத்தான்"னேன்.

அந்தச் சிரிப்பு அப்படியே நின்னுபோச்சு. கொழாய்த் தண்ணி பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. மூடணும்னுகூடத் தோணல அந்தம்மாவுக்கு. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? உள்ளதத்தானே சொன்னேன்? அப்புறம், "தையல் பிரிக்கக் கூட்டிக்கிட்டு வாங்க"ன்னுட்டு உள்ள போயிருச்சு.

தையல் பிரிக்கப் போன அன்னைக்கு, "செத்த ஆட்டுத் தலையெல்லாம் என்ன செய்வீங்க"ன்னு கேட்டுச்சு. நாய்க்குப் போடுவேன், பின்ன பொதைச்சா வைப்பாங்கன்னேன். "அங்கதான் ஆரம்பிக்குது"ன்னுச்சு. தலையில இருக்கிற கட்டிய நாய் தின்னா, அது வயித்துல நாடாப்புழு ஆகுமாம். நாய் பீயில முட்டை வந்து புல்லுல ஒட்டுமாம். அதை ஆடு தின்னா மறுபடி மண்டையில கட்டியாம். என் நாயப் பாத்துப் பேசுற பேச்சா இது? ராவும் பகலும் கிடையக் காக்குற நாயி! பூச்சி மாத்திரை குடுத்துச்சு. சோத்துல வச்சுக் குடுத்தேன், மாத்திரை வீணாப் போகக் கூடாதேன்னு. தலையப் போடுறதையும் விட்டுட்டேன், குழி தோண்டிப் பொதைச்சுர்றேன், நாத்தம் இல்லாம இருக்கும்னு. அதுக்கப்புறம் எங்கிடையில ஒரு ஆடு சுத்தல. கருப்பனுக்குக் கோவம் தணிஞ்சிருச்சு, அதான்.

கேக்குறீங்கள்ல, அப்ப அந்தம்மாமேல என்னதான் கோவம்னு. வாரேன், வாரேன்.

மாசியில எங்க குலசாமி கும்பிடு. மகளும் மாப்பிள்ளையும் பேத்தியும் வந்துட்டாங்க. சொந்தபந்தமெல்லாம் வந்து நிக்குது. கிடா அதுக்குள்ள நல்லாத் தேறிருச்சு. நேரா நடக்குது, என் பின்னாலயே வருது. மயிரு வளந்து ஓட்டை போட்ட எடம் சுத்தமா மூடிருச்சு. பூசாரி பெத்தையா கிடாயச் சுத்திச் சுத்திப் பாத்தாரு. பல்லப் பாத்தாரு, கொம்பப் பாத்தாரு, காலப் பாத்தாரு. "அருமையான கிடாய்யா சங்கையா"ன்னாரு. மால போட்டாங்க. மஞ்சத் தண்ணிய அள்ளித் தலையில தெளிச்சாங்க. தண்ணி பட்டதும் கிடா ஒடம்பத் துலுக்கணும், துலுக்குனாத்தான் சாமி சம்மதம் குடுத்துட்டாருன்னு அர்த்தம். சில கிடாய்க்குக் கொடங்கொடமா ஊத்தணும். இது மொதத் தண்ணியிலயே கிடுகிடுன்னு துலுக்கிருச்சு. பொம்பளைக கொலவை போட்டாங்க. பெத்தையா அருவாள எடுத்துட்டாரு.

"நிறுத்துங்க!"ன்னு ஒரு சத்தம். யாருடான்னு பாக்குறேன், நானு. அருவாளுக்கும் கிடாய்க்கும் நடுவுல நிக்கிறேன். எப்பப் போயி நின்னேன்னு எனக்கே தெரியல.

"என்னய்யா?"ன்னாரு பெத்தையா.

"சாமி, இது ஊனக் கிடா. மண்டையில ஓட்டை இருக்கு."

"எங்க? ஒண்ணுந் தெரியலையே!"

மயிர நானே வெலக்கி, நானே அவரு விரலப் புடிச்சு அந்தத் தழும்புல வச்சேன். தடவிப் பாத்துட்டு, "அதான் மூடிருச்சேய்யா. யாருக்குத் தெரியப்போகுது, விடு"ன்னாரு. "கருப்பனுக்குத் தெரியாதா? ஊனத்தக் குடுத்து ஏமாத்தச் சொல்றீங்களா? அந்த டாக்டரம்மா நல்ல கிடாயப் பழுதாக்கி விட்டுருச்சு சாமி. நான் என்ன செய்ய?"ன்னேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன், எல்லாருக்கும் கேக்கட்டும்னு. கிடையிலருந்து வேற கிடாயப் புடிச்சாந்து வெட்டுனோம். அதுல இருந்துதான் அந்தம்மாகூட எனக்குப் பேச்சு கெடையாது. ரோட்டுல பாத்தா வண்டிய நிறுத்தி, "ராசா எப்படி இருக்கான்"னு கேக்கும். நான் வாயத் தெறக்கிறதில்ல.

பந்தி நடந்துக்கிட்டு இருக்கையில முனீசு எம் பக்கத்துல வந்து ஒக்காந்தா, மடியில புள்ளையோட.

"ஏம்ப்பா, பெரியப்பா வீட்டுக் காதுகுத்துக்கு ஒரு நொண்டிக் கிடாய வெட்டுனீங்கள்ல? பூசாரி வேணாம்னதுக்கு, சாமி கறியப் பாப்பாரா நடையப் பாப்பாரான்னு சண்டை போட்டது நீங்கதானே?"

"காலு வேற, மண்டை வேற"ன்னேன்.

அவ புள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு, எந்திரிச்சுப் போயி கிடா கழுத்துல கெடந்த மாலையக் கழட்டி விட்டா. அது மாலையவே திங்க ஆரம்பிச்சிருச்சு.

நீங்க என்னமோ ஒரு மாதிரியாப் பாக்குறீங்க. சாமி காரியத்துல பொய் கூடாதுன்னுதான் தம்பி நிறுத்துனேன். வேற ஒண்ணுமில்ல.